முற்பகல் என்னும் சொல்



"விழா முற்பகல் 10 மணிக்குத் தொடங்கும்" என்று அழைப்பிதழ்களில் படிக்கிறோம். தேர்வு அட்டவணைகளிலும் அரசாங்க அறிவிப்புகளிலும் அச்சொல் 'மு.ப.' என்று இரண்டெழுத்தாய்ச் சுருங்கி நிற்பதைக் காண்கிறோம். ஆயினும், வீட்டிலோ கடைவீதியிலோ எவரேனும் "நாளை முற்பகலில் வருகிறேன்" என்று சொல்லக் கேட்டதுண்டா? இல்லை. "காலை 11 மணிக்கு வருகிறேன்" என்கிறோம். காலையும் மதியமும் மாலையும் பேச்சில் உலவுகின்றன. முற்பகல் மட்டும் தாளோடு தங்கிவிட்டது.

பேச்சை விட்டு நீங்கிய சொல்லுக்கு ஒரு கேடு உண்டு. அதன் பொருளை எவரும் ஆராய்வதில்லை. பிறமொழிச் சொல் ஒன்றுக்கு நிகராக அதை வைத்துவிட்டு அமைந்துவிடுகிறார்கள். முற்பகல் என்னும் சொல்லுக்கு அக்கேடு நேர்ந்திருக்கிறது. இச்சொல் எவ்வாறு பிறந்தது, எந்தப் பொழுதைக் குறித்தது, இன்று நாம் அதைச் செவ்வையாக ஆள்கிறோமா என்னும் மூன்று வினாக்களுக்கு விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலில் சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். முன் என்பதும் பகல் என்பதும் சேர்ந்து முற்பகல் ஆயிற்று. பின் என்பதும் பகல் என்பதும் சேர்ந்து பிற்பகல் ஆயிற்று. 'முன்' எல்லார்க்கும் விளங்கும். 'பகல்' என்பதுதான் ஆராயத்தக்கது. பகல் என்றால் வெளிச்சமுள்ள பொழுது என்றே நாம் எண்ணுகிறோம். ஆனால் அதன் வேர் வெளிச்சத்தைக் குறிப்பதன்று. 'பகு' என்னும் வினையடியிலிருந்து பிறந்தது அச்சொல். பகுத்தல், பகுதி, பங்கு, பாகுபாடு ஆகிய சொற்களை எண்ணிப் பாருங்கள். பகல் அவற்றின் உறவினன். பிரிப்பது, நடுவே நின்று இரு கூறாக்குவது என்பதே அதன் முதற்பொருள். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட பேரகராதியைப் புரட்டினால், பகல் என்னும் சொல்லுக்குப் பகுக்கை, நடு, நடுவுநிலைமை, நுகத்தாணி, நண்பகல், சூரியன் எனப் பல பொருள்கள் வரிசையாக நிற்பதைக் காணலாம்.

இவற்றுள் நுகத்தாணி என்னும் பொருள் நம் கவனத்திற்குரியது. ஏரிலோ வண்டியிலோ இரண்டு எருதுகளைப் பூட்டும்போது அவற்றின் கழுத்தின்மேல் கிடக்கும் நீண்ட மரமே நுகம். அந்நுகத்தின் சரிநடுவே ஓர் ஆணி இருக்கும். ஆணி ஒரு பக்கம் சற்றே விலகினாலும் ஒரு மாட்டின்மேல் சுமை மிகும், மற்றது இளைப்பாறும். ஆதலின் நடு பிறழாமை அந்த ஆணியின் இலக்கணம். அந்த ஆணிக்குப் பண்டைத் தமிழர் இட்ட பெயர் பகல் என்பதாகும். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் போற்றும் இடத்தில், கொள்வதில் மிகையும் கொடுப்பதில் குறையும் இல்லாத அவர்களுடைய நெஞ்சத்துக்கு இந்த ஆணியையே உவமை கூறினார். வணிகனின் நேர்மைக்கும் நுகத்தின் ஆணிக்கும் பொதுவானது நடுவுநிலை. அந்நடுவின் பெயரே பகல்.

இப்பொழுது வானத்தைப் பாருங்கள். கிழக்கே ஒரு நுனி, மேற்கே ஒரு நுனி, நடுவே உச்சி. நாள் என்னும் நுகத்துக்கு உச்சிப்பொழுதே ஆணி. அந்த ஆணிக்குக் கிழக்கே உள்ளது முற்பகல். மேற்கே உள்ளது பிற்பகல். கதிரவன் தோன்றியது முதல் உச்சிக்கு வரும் வரையில் உள்ள பொழுதே முற்பகல் என்பது இதனால் விளங்கும். கடிகாரத்தின் எண்களைக் கொண்டு அது வரையறுக்கப்படவில்லை. நடுவைக் கொண்டு வரையறுக்கப்பட்டது.

அந்த நடுவை நம் முன்னோர் எவ்வளவு நுட்பமாகக் கண்டனர் என்பதற்கு நெடுநல்வாடை சான்று. அரண்மனை கட்டுவதற்கு நூல் அறிந்தவர்கள் கயிறிட்டுத் திசை வகுக்கும் செய்தியை நக்கீரர் அதில் கூறுகிறார். இரண்டு கோல்களை நட்டு அவற்றின் நிழலைப் பார்த்து, கதிரவன் எப்பக்கமும் சாராது நிற்கும் அரைநாட் பொழுதில் அவர்கள் அப்பணியைச் செய்தனராம். இது சித்திரைத் திங்களில் நிகழ்ந்தது என்பர் உரையாசிரியர் நச்சினார்க்கினியர். அத்திங்களில் தமிழகத்தில் கதிரவன் நேர் உச்சியில் நிற்கும் நாள்கள் வருகின்றன என்பதை நினைவிற் கொள்க.

திருவள்ளுவரும் இச்சொல்லை ஆண்டுள்ளார். இன்னா செய்யாமை என்னும் அதிகாரத்தில், 319-ஆம் குறளில், முற்பகலும் பிற்பகலும் இணையாக வருகின்றன. பிறர்க்குத் தீங்கு செய்தவனுக்கு அத்தீங்கு தானே திரும்பி வரும் என்பது கருத்து. பலர் இதைப் படிக்கும்போது 'முன்பு செய்தால் பின்பு வரும்' என்று பொதுவாகப் பொருள் கொண்டு போய்விடுகிறார்கள். அவ்வாறு கொண்டால் குறளின் வன்மை போய்விடும். 'பின்பு' என்பது பத்தாண்டுக்குப் பின்னும் ஆகலாம், மறுபிறப்பும் ஆகலாம். பரிமேலழகரோ ஒரே பகலின் முற்கூறு, அதன் பிற்கூறு என்று தெளிவாக உரை வகுத்தார். உச்சிக்குமுன் செய்த தீமை, அதே நாளில், உச்சி சாய்ந்தவுடன் செய்தவனை நாடி வந்துவிடும் என்பதே பொருள். இடையே நிற்பது நடுவாகிய பகல் ஒன்றுதான். அந்நடு எவர்க்காகவும் விலகிக் கொடுப்பதில்லை. சொல்லின் பொருளை அறிந்தால் குறள் எவ்வளவு கூர்மை பெறுகிறது என்று பாருங்கள். பழஞ்சொல்லின் பொருளை நாம் ஏன் காக்கவேண்டும் என்று கேட்பவர்க்கு இந்த ஒரு குறளே விடையாகும்.

இவ்விடத்தில் மாணவர்க்கு ஓர் ஐயம் எழலாம். தமிழ் இலக்கணத்தில் சிறுபொழுது ஆறு என்று படித்திருக்கிறோமே. காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம், வைகறை ஆகியவற்றுள் முற்பகல் இல்லையே என்பது அந்த ஐயம். நல்ல வினா. நாளொன்றுக்கு 60 நாழிகை. ஒரு நாழிகை 24 நிமிடம். அறுபதை ஆறாகப் பகுத்தால் ஒவ்வொரு சிறுபொழுதுக்கும் 10 நாழிகை, அதாவது 4 மணி நேரம் வரும். அவ்வகையில் காலை என்பது 6 மணி முதல் 10 மணி வரை. நண்பகல் என்பது 10 மணி முதல் 2 மணி வரை. நாம் இன்று 'காலை 11 மணி' என்று சொல்லும் பொழுது, இலக்கண நூலார் கணக்கில் காலையே அன்று, நண்பகலின் முற்பாதி. அகப்பாட்டில் பாலைத்திணைக்கு நண்பகல் உரியது என்று சொன்னவர்கள், வெயில் கொடுமையாகும் நேரத்தைக் கருதியே எல்லை வகுத்தனர். ஆகவே சிறுபொழுதுப் பகுப்பு வேறு. முற்பகல் பிற்பகல் என்னும் பகுப்பு வேறு. முன்னது உள்ளத்தின் உணர்வுக்கும் நிலத்தின் இயல்புக்கும் ஏற்ப நாளை ஆறாக்கியது. பின்னது பகற்பொழுதை நடுவில் வைத்து இரண்டாக்கியது.

நாளைப் பகுத்த முறைகள் இன்னும் உண்டு. பகலை நான்கு சாமங்களாக்கும் வழக்கில் ஒரு சாமம் ஏழரை நாழிகை. இரண்டாம் சாமம் 9 மணி முதல் 12 மணி வரை நிகழும். வடநூலார் பகலை ஐந்தாகவும் பிரித்தனர். பிராதக்காலம், சங்கவம், மத்தியான்னம், அபரான்னம், சாயங்காலம் என்பன அவை. ஒவ்வொன்றும் 6 நாழிகை. இவற்றுள் இரண்டாவதாகிய சங்கவம், 6 மணிக்கு உதயம் என்று கொண்டால், 8 மணி 24 நிமிடத்தில் தொடங்கி 10 மணி 48 நிமிடத்தில் முடியும். காலை முதிர்ந்து உச்சியை நோக்கிச் செல்லும் அந்தப் பொழுதுக்கென்றே அமைந்த தனிப்பெயர் இது. சங்கவம் என்பதில் 'கவம்' என்னும் பகுதி பசுவைக் குறிப்பது. மேய்ந்த பசுக்களைப் பால் கறப்பதற்காக ஒன்றுசேர்க்கும் வேளை என்பது அதன் பொருள். ருக்வேதத்தின் ஐந்தாம் மண்டலத்திலேயே இச்சொல் காணப்படுகிறது. வானத்தை அளந்து பிறந்தது முற்பகல். மாட்டைக் கறந்து பிறந்தது சங்கவம். பொழுதுக்குப் பெயரிடுவதில் மனிதன் கையாண்ட இரண்டு வழிகள் இவை.

இரண்டாம் வழி நம் சிற்றூர்களுக்குப் புதியதன்று. புதுச்சேரியிலிருந்து தெற்கே கடலூர்ச் சாலையில் சென்றால் அரியாங்குப்பத்தைக் கடந்து தவளக்குப்பம் வருகிறது. ஒரு பக்கம் வயல். கிழக்கே சற்றுத் தொலைவில் கடல். வயலை நம்பியவர்களும் கடலை நம்பியவர்களும் அடுத்தடுத்து வாழும் பகுதி அது. கைக்கடிகாரம் அரிதாயிருந்த காலத்தில் இத்தகைய ஊர்களில் பொழுதை எவ்வாறு சொல்லினர்? "பொழுது ஒரு பனை உயரம் ஏறிற்று" என்பார் ஒருவர். "ஏர் அவிழ்க்கும் நேரம்" என்பார் மற்றொருவர். விடியுமுன் பூட்டிய ஏரை வெயில் ஏறியதும் அவிழ்த்துவிடுவது உழவர் வழக்கம். "கரைக்கு மரம் வந்துசேரும் நேரம்" என்பார் கடலோரத்தார். கட்டுமரத்தை அவர்கள் மரம் என்றே சொல்வர். இவையெல்லாம் ஏறக்குறைய நாம் முற்பகல் என்று எழுதும் பொழுதையே குறிப்பன. நூலில் உள்ள சொல் ஒன்று. வாயில் உள்ள சொல் பல. நூற்சொல் எல்லா ஊர்க்கும் பொது. வாய்ச்சொல் அந்தந்தத் தொழிலுக்கு உரியது. இரண்டும் கதிரவனையே நம்பின.

கதிரவனை நம்பிய இந்தக் கணக்கு, புதுச்சேரிப் பகுதியில் மற்றொரு கணக்கைச் சந்தித்தது. ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரையுள்ள நிகழ்ச்சிகளை நாட்குறிப்பாக எழுதிவைத்தது உங்களுக்குத் தெரியும். தமிழ் ஆண்டும் திங்களும் ஐரோப்பியத் தேதியும் அதில் அருகருகே நிற்கின்றன. நாழிகையும் மணியும் ஒரே எழுத்தில் கலந்து வருகின்றன. பிரெஞ்சு ஆளுநர் மாளிகையில் மணிக்கணக்கு. பிள்ளையவர்களின் இல்லத்தில் நாழிகைக் கணக்கு. இரண்டையும் அறிந்தவரே அன்று இரண்டு உலகத்திலும் நடமாட முடிந்தது.

பின்னர், இக்கணக்குகள் எளிய மக்களின் வாழ்விலும் நுழைந்தன. 1804-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு, பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவுகளில் ஆண்டும் நாளும் மட்டுமன்றி, பதிவு செய்த மணியும் குறிக்கப்படவேண்டும் என்று விதித்தது. 57-ஆம் பிரிவு, குழந்தை பிறந்த மணியையும் எழுதச் சொன்னது. பிரெஞ்சிந்தியப் பகுதிகளில் இந்நாட்டு மக்களுக்கும் குடிமைப் பதிவை ஒழுங்குபடுத்தும் ஆணை 1880-இல் பிறந்தது. அதன்பின், ஒரு குழந்தை பிறந்தால் அதன் பிறந்த நேரம் இரண்டு இடங்களில் இரண்டு வகையாக எழுதப்பட்டது. சாதக ஓலையிலோ ஏட்டிலோ உதயாதி நாழிகை. அதாவது அன்று கதிரவன் தோன்றியதிலிருந்து எத்தனை நாழிகை என்பது. பதிவேட்டில் கடிகார மணி.

இரண்டையும் ஒப்புநோக்குவது எளிதன்று. ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். காலை 10 மணி 20 நிமிடத்திற்குக் குழந்தை பிறந்தது என்று பதிவேடு சொல்வதாகக் கொள்வோம். மார்கழியில் 6 மணி 20 நிமிடத்திற்கு உதயமாகும் ஒரு நாளானால், சாதகத்தில் உதயாதி 10 நாழிகை என்று இருக்கும். வைகாசியில் 5 மணி 45 நிமிடத்திற்கு உதயமாகும் நாளானால், அதே மணிக்கு ஏறத்தாழப் பதினொன்றரை நாழிகை என்று இருக்கும். மணி ஒன்று; நாழிகை வேறு. வயதையோ மரபுரிமையையோ நிலைநாட்டப் பழைய ஏடுகளைத் தேடுவோர் இந்த வேறுபாட்டை அறியாவிடில், ஒரே குழந்தையை இரு குழந்தைகளாக எண்ணவும் கூடும். பொழுதைக் குறிக்கும் சொல்லும் கணக்கும் வெறும் புலவர் ஆராய்ச்சிக்கு உரியன அல்ல. ஒருவர் இன்னார் என்பதையே அவை தாங்கி நிற்கின்றன.

பிரெஞ்சுச் சட்ட எழுத்தில் வேறொரு சுவையான வழக்கும் உண்டு. பிற்பகல் மணியைக் குறிக்கப் பழைய ஆவணங்களில் 'ரெலவே' என்னும் சொல்லை எழுதினர். 'எழுந்த பொழுது' என்பது அதன் பொருள். நடுப்பகலில் படுத்து இளைப்பாறி மீண்டும் எழுந்து வேலைக்குச் செல்லும் பொழுது என்பதாம். நம் நாட்டுச் சங்கவம் பசுவைக் கறந்ததால் பெயர் பெற்றது. பிரான்சு நாட்டு ரெலவே துயில் நீங்கி எழுந்ததால் பெயர் பெற்றது. வழக்கறிஞரும் ஆவண எழுத்தரும் வேறு எவரும் வழங்காத அச்சொல்லை நெடுங்காலம் காத்துவந்தனர். முற்பகல் நம் அழைப்பிதழில் தங்கியது போல, ரெலவே அவர்கள் ஆவணத்தில் தங்கியது.

கடலூர்ப் பக்கம் ஆங்கிலேயர் ஆட்சி இருந்தமையால், ஆங்கிலச் சொல்லையும் ஒரு பார்வை பார்த்துவிடுவோம். ஆங்கிலத்தில் முற்பகலுக்கு 'ஃபோர்நூன்' என்னும் பழஞ்சொல் ஒன்று உண்டு. 'நூனுக்கு முன்' என்பது அதன் பொருள். ஆங்கிலேயக் கப்பல்களில் காலை 8 மணி முதல் உச்சி வரையில் உள்ள காவலுக்கு அதுவே பெயர். நூன் என்பது இலத்தீன் மொழியில் ஒன்பது என்னும் எண்ணிலிருந்து வந்தது. உதயத்திலிருந்து ஒன்பதாம் மணி, அதாவது நம் கணக்கில் பிற்பகல் 3 மணி, கிறித்தவ மடங்களில் வழிபாட்டு வேளையாக இருந்தது. இடைக்காலத்தில் அப்பெயர் மெல்லமெல்ல முன்னோக்கி நகர்ந்து, உச்சிப்பொழுதின் பெயராயிற்று. 3 மணிக்குரிய பெயர் 12 மணிக்கு வந்து அமர்ந்துகொண்டது. அவர்களுடைய முற்பகற்சொல் ஓர் எண்ணை நம்பியது. எண் இடம் பெயர்ந்தது. நம் சொல் நடுவை நம்பியது, நடுவாவது பெயராதிருக்கிறதா?

வானத்தில் அது பெயரவில்லை, கடிகாரத்தில் பெயர்ந்திருக்கிறது. 1906-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளன்று இந்தியப் பொதுநேரம் நடைமுறைக்கு வந்தது. கிழக்குத் தீர்க்கரேகை 82½ பாகையில் கதிரவன் உச்சிக்கு வருவதை அடிப்படையாகக் கொண்டது அந்நேரம். புதுச்சேரிப் பகுதியோ ஏறத்தாழ 79 பாகை 50 கலையில் இருக்கிறது. புவி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகும். ஆகவே நம் பகுதியில் கதிரவன் உச்சிக்கு வரும் நேரம், சராசரியாகக் கடிகாரத்தில் 12 மணி 11 நிமிடம். அதுவும் ஆண்டு முழுவதும் ஒரே சீராக இல்லை. நவம்பர்த் தொடக்கத்தில் 11 மணி 54 நிமிடத்திலேயே உச்சி வந்துவிடும். பிப்ரவரி நடுவில் 12 மணி 25 நிமிடம் வரையில் தாழும். புவியின் பாதை நீள்வட்டமாயிருப்பதும் அதன் அச்சு சாய்ந்திருப்பதும் இதற்குக் காரணங்கள். ஆகவே பிப்ரவரித் திங்களில் தவளக்குப்பத்து உழவர் ஒருவர், கடிகாரம் 12 மணி 15 நிமிடம் காட்டும்போது, "இன்னும் உச்சி ஆகவில்லை" என்று சொன்னால், அவர் சொல்வதே வானத்தின்படி சரி.

இதை நீங்களே ஆராய்ந்து பார்க்கலாம். பள்ளித் திடலில் சமமான தரையில் ஒரு கோலைச் செங்குத்தாக நடுங்கள். காலை 10 மணி அளவில் கோலின் நிழல் நுனி எவ்வளவு தொலைவில் விழுகிறதோ அதையே ஆரமாகக் கொண்டு, கோலைச் சுற்றி ஒரு வட்டம் வரையுங்கள். நிழல் நுனி வட்டத்தைத் தொட்ட இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். நேரம் ஏற ஏற நிழல் குறுகி வட்டத்துக்குள் போகும். பின்னர் நீண்டு, பிற்பகலில் மறுபக்கத்தில் வட்டத்தை மீண்டும் தொடும். அங்கும் ஒரு புள்ளி வையுங்கள். இரு புள்ளிகளுக்கும் சரிநடுவில் அமையும் கோடே வடக்கும் தெற்குமாய்ச் செல்லும் கோடு. மறுநாள் நிழல் அக்கோட்டில் படியும் நொடியில் முற்பகல் முடிகிறது. அப்போது கடிகாரம் எத்தனை மணி காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 21-ஐயும் ஆகஸ்டு 22-ஐயும் ஒட்டிய நாள்களில் நம் பகுதியில் கதிரவன் தலைக்கு நேரே நிற்பதால், உச்சியில் கோலுக்கு நிழலே இராது. நெடுநல்வாடையில் கோல் நட்டவர்கள் கண்டதும் இதுவே.

இனி மூன்றாம் வினாவுக்கு வருவோம். முற்பகல் என்னும் சொல்லை இன்று நாம் செவ்வையாக ஆள்கிறோமா? நள்ளிரவு முதல் நடுப்பகல் வரையுள்ள 12 மணி நேரத்தையும் இலத்தீன் மொழியில் 'உச்சிக்கு முன்' என்னும் ஒரே தொடரால் குறித்தனர். ஆங்கிலத்தில் அதைத்தான் 'ஏ.எம்.' என்று சுருக்குகிறார்கள். அதற்கு நேராக நாம் 'மு.ப.' என்று வைத்துக்கொண்டோம். 9 மணிக்கும் 11 மணிக்கும் அது பொருந்தும். ஆனால் 'மு.ப. 2 மணி' என்றால் என்ன? கதிரவன் இல்லாத நடுயாமம் கழிந்த வேளையில் பகல் ஏது? பகல் இல்லாத இடத்தில் அதன் முற்கூறு ஏது? அது பின்னிரவு, அன்றேல் வைகறையின் தொடக்கம். ஆங்கிலத் தொடரில் 'உச்சிக்கு முன்' என்பது மட்டுமே உள்ளமையால் இரவும் அதில் அடங்கிற்று. தமிழ்ச்சொல்லில் பகல் இருக்கிறது; அஃது இரவை உள்ளே விடாது.

அதைவிடப் பெரிய இடர் 12 மணியில் இருக்கிறது. 'மு.ப. 12 மணி' என்று அச்சிட்டால் படிப்பவர் எதைக் கொள்வார்? நள்ளிரவையா, நடுப்பகலையா? நடுவாகிய பகல் முன்னும் அன்று, பின்னும் அன்று. நுகத்தாணி எந்த மாட்டுக்கும் உரியதன்று. ஆதலின் 12 மணியை நண்பகல் 12 மணி என்றோ நள்ளிரவு 12 மணி என்றோ எழுதுவதே முறை. நள்ளிரவில் உள்ள 'நள்' நடுவைக் குறிப்பது. நண்பகலின் முதற்பகுதியும் அதனோடு உறவுடையதாகக் கருதப்படுவது. தேர்வுக்கு விண்ணப்பிக்கும் இறுதி நேரத்தையும் வண்டி புறப்படும் நேரத்தையும் பிழைபட எழுதினால், அதனால் துன்புறுவோர் நூலாசிரியர் அல்லர். ஏழை மாணவரும் ஊர்ப்பயணியுமே. இரயில்வே கால அட்டவணைகள் 24 மணிக் கணக்கைக் கொண்டது இக்குழப்பத்தைத் தவிர்ப்பதற்காகவே. நம் மொழியிலோ குழப்பத்தைத் தவிர்க்கும் சொற்கள் முன்னமே உள்ளன. பின்னிரவு, வைகறை, காலை, முற்பகல், நண்பகல், பிற்பகல், மாலை, முன்னிரவு, நள்ளிரவு என ஒன்பது சொற்களை வரிசையாக எழுதிப் பாருங்கள். எந்த மணியும் பெயரின்றி நில்லாது.

மாணவச் செல்வங்களே, காலை என்னும் சொல்லை விலக்கவேண்டும் என்று நான் கூறவில்லை. பேச்சில் அது இனிமையாக வழங்கட்டும். ஆனால் காலை என்பது விடியலைச் சார்ந்தது, இளவெயிலோடு முடிவது. வெயில் ஏறி, ஏர் அவிழ்ந்து, வேலையின் பெரும்பகுதி நடந்தேறும் 10 மணிக்கும் 11 மணிக்கும் முற்பகல் என்னும் பெயரே தகும். இலங்கைத் தமிழர் அரசாங்க அறிவிப்புகளில் மு.ப., பி.ப. என்று இன்றும் தவறாது எழுதிவருகின்றனர். நாமும் எழுதுகிறோம், விரித்துச் சொல்ல மட்டும் மறந்துவிட்டோம்.

அடுத்த முறை ஓர் அழைப்பிதழ் எழுத நேர்ந்தால், இரண்டு எழுத்தாய்ச் சுருக்காமல் முற்பகல் என்று முழுமையாக எழுதுங்கள். எழுதியபின் வாய்விட்டும் சொல்லுங்கள். பெற்றோரிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் அப்பொழுதுக்கு அவர்கள் வழங்கிய சொற்களைக் கேட்டு, ஏட்டில் குறித்துவையுங்கள். ஏர் அவிழ்க்கும் நேரமும் மரம் கரைசேரும் நேரமும் எந்த அகராதியிலும் தனித்தலைப்பாக இடம்பெறாமற் போகலாம். உங்கள் ஏட்டில் இடம்பெறட்டும்.